ஒரே நிரல் உத்தமன்

கொல்கத்தாவின் காளிகாட்டில் மெட்ரோ ஏறியதும் உத்தமன் படிப்பது செய்தித்தாள் அல்ல. ஊரார் செயலிகளுக்கு வந்த ஒற்றை நட்சத்திர வசவுகள். நல்ல வசவு கிடைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் வாசித்துக் காட்டுவார். நாற்பத்திரண்டு வயதுக்குள் முதுகு கூன ஆரம்பித்துவிட்டது. காலையில் சாப்பிடுவதில்லை, வயிற்றெரிச்சல் மாத்திரை மட்டும் தவறுவதில்லை.

நியூ டவுனில் மூன்று மேசை போட்ட அலுவலகம். ஆண்ட்ராய்டுக்குத் தனியாக, ஐபோனுக்குத் தனியாக நிரல் எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. "ஒரே வீட்டுல ரெண்டு சமையலா? ஒரு தடவ எழுது, ரெண்டுலயும் ஓடும்." "உங்களுக்குச் சப்பாத்தி, எனக்குச் சோறுன்னு நம்ம வீட்டுல என்ன நடக்குதாம்?" என்று மனைவி கீதாஞ்சலி கேட்டால் காது கேட்காது.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆயாக்களை அனுப்பும் பாகீரதியின் ஆயா சென்டருக்கும் அப்படித்தான் ஒரு செயலி செய்தார். நோயாளியின் மாத்திரை நேரத்துக்கு ஆயாவின் போன் அடிக்கும்; கொடுத்ததும் வெளியூர் மகனுக்குத் தகவல் போகும். அலுவலகத்தில் சார்ஜில் கிடந்த போன்களில் நொடி பிசகாமல் அடித்தது.

புறநகரான சாந்த்ராகாச்சியிலிருந்து ரயிலில் வரும் ஆயா மினதியின் போனில் எட்டு மணி அலாரம் எட்டே முக்காலுக்கு அடித்தது. நல்லவேளை, அவள் சுவர்க்கடிகாரம் பார்த்து மாத்திரையைக் கொடுத்திருந்தாள். உத்தமன் விசாரித்தார். வேலைக்குப் போகும் வீட்டில் சார்ஜ் போட பிளக்கைத் தொட்டால் முகம் சுளிப்பார்களாம். அதனால் ஆயாக்கள் ரயில் ஏறும்போதே பேட்டரி சேமிப்பைப் போட்டுவிடுகிறார்கள். அதில் இவருடைய நிரல் தூங்கிவிட்டது. மூன்று நாள் தட்டி எழுப்பிப் பார்த்தார். நாலு தடவைக்கு ஒரு தடவை மறுபடி தூங்கியது.

பாகீரதியிடம் போய், "நான் சொன்னது தப்புக்கா. ஆண்ட்ராய்டுக்குன்னே தனியா எழுதணும். ரெண்டு மாசம் ஆகும். ஐபோன் அப்புறம்தான்" என்றார்.

"இன்னொருத்தன் ஒரே மாசத்துல ரெண்டும் தர்றேங்கிறான், தம்பி."

"அவனுக்கே குடுங்க. மினதி போன்ல எட்டு மணிக்கு அடிச்சா மட்டும் கையெழுத்துப் போடுங்க."

பாகீரதி ஆயாக்களின் பெயர்ப்பட்டியலைப் புரட்டினார். "இங்க எந்த ஆயா ஐபோன் வச்சிருக்கா? நீயே எழுது. மகனுங்களுக்கு மெசேஜ் போனா போதும்."

உத்தமன், சிம் தட்டைத் திறக்க, அங்கிருந்த மினதியின் வளையலில் தொங்கிய ஊக்கை வாங்கினார். அவளுடைய சிம்மைக் கழற்றித் தன் புதுப் போனில் போட்டு நீட்டினார். "இது வேண்டாம் அண்ணா, கீழ போட்டுருவேன்" என்று அவள் வங்காள மொழியில் பதறினாள்.

"ரெண்டு மாசம் எனக்கு உன்னோடதுதான் வேணும்" என்று, விரிசல் விட்ட அவள் போனில் தன் சிம்மைப் போட்டு, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.