பாதைக்கு நான் பூட்டிய றேடியோ

போன ஞாயிற்றுக்கிழமை, சுவிஸிலிருந்து வந்திருந்த என் தங்கை குடும்பத்தோடு யாழ்ப்பாணக் கடலேரியில் ஓர் உல்லாசப் படகில் ஏறினேன். இரண்டு பெரிய அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் தட்டையான தளம், கூரை, மெத்தைக் கதிரைகள். ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு திரை. அது ஆழம் காட்டுகிறது, திசை காட்டுகிறது, போதாததற்குப் பாட்டும் பாடுகிறது!

படகோட்டிக்கு அதில் பெரிய பெருமை. "எல்லாம் கொழும்பிலையிருந்து ஆள் வந்து பூட்டினது, அன்ரி. எங்களாலை ஏலாது" என்றார்.

"நானும் ஒருக்கா உப்பிடி ஒண்டுக்குப் பூட்டினனான், தம்பி" என்றேன்.

சிரித்தார். வயது போனவர்கள் ஏதாவது சொன்னால் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரிப்போமே... அந்தச் சிரிப்பு.

அவருக்கு விளக்க நேரமிருக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். வாராவாரம் என் புலம்பலைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த ஒரு வாரம் தற்பெருமையையும் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா என்ன?

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ரோர்ச் பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய் மருந்து மாதிரிச் சொட்டுச் சொட்டாகச் செலவாகும். நான் பிறந்தது உடுப்பிட்டி, கலியாணம் செய்து வந்தது கொழும்புத்துறை, விஞ்ஞானம் படிப்பித்ததோ கடலேரிக்கு அந்தப் பக்கம், தென்மராட்சிக் கரையிலிருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். தெருவழியாகச் சுற்றிப் போனால் பாதி நாள் சைக்கிள் சீற்றிலேயே போய்விடும். ஆகவே பாதை.

'பாதை' என்றால் நடக்கிற வழி இல்லை. தகரப் பீப்பாக்களை வரிசையாகக் கட்டி, மேலே பனஞ்சலாகையும் பலகையும் அடித்த மிதவை. பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களின் சைக்கிள்கள், மூட்டைகள், சில நேரம் ஓர் ஆடு... எல்லாம் ஏறும். பின்னால் சின்ன மோட்டார். எண்ணெய் இல்லாத நாட்களில் நீளமான கம்பை ஊன்றித் தள்ளுவார்கள்.

பாதையின் சொந்தக்காரர் பீற்றர் அண்ணை. குருநகர்க்காரர். வள்ளம் கொண்டு மீன்பிடிக்கப் போக முடியாமல் போனதால் பாதை ஓட்ட வந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாக வந்து கேட்டார்.

"ரீச்சர், நீங்கள் வீட்டிலை சைக்கிள் டைனமோவிலை றேடியோ கேக்கிறனியளாம். மெய்யே?"

"ஓம் அண்ணை."

"என்ரை பாதைக்கும் உதைப் பூட்டித் தருவியளே? சனம் நியூஸ் கேக்கவேணும் எண்டு ஆக்கினைப்படுத்துது. எங்கை என்ன நடக்குது எண்டு தெரியாமல் தண்ணியிலை நிக்கிறது பயமாக் கிடக்கு."

பாருங்கள், ஒரு மனிதர் உங்கள் திறமையை நம்பி நேரே கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை!

அடுத்த சனி, ஞாயிறு இரண்டும் கடற்கரையில்தான். பாதையின் பின்பக்கத்தில் ஒரு பழைய சைக்கிளை நிமிர்த்தி, பின்சில்லு நிலத்தில் முட்டாதபடி இறுக்கிக் கட்டினோம். யாராவது ஏறி மிதித்தால் சில்லு டைனமோவைச் சுற்றும். அதிலிருந்து வருவது றேடியோவுக்கு ஒத்துவராத கரண்ட். ஷெல் விழுந்து உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று பக்கத்து வீட்டில் கிடந்தது. அதிலிருந்து நாலு டயோடையும் ஒரு கண்டென்சரையும் கழற்றி அந்தக் கரண்டை வழிக்குக் கொண்டுவந்தேன். வேகமாக மிதித்தால் றேடியோ எரிந்துவிடுமே? அதற்காகச் சைக்கிள் பல்ப் ஒன்றையும் கூடவே கோத்துவிட்டேன், மிச்சத்தை அது விழுங்கிக்கொள்ளும். வயர்களைப் பற்றவைக்க மின்சாரம் ஏது? செப்புக் கம்பியைச் சிரட்டைக் கரியில் பழுக்கக் காய்ச்சி ஈயம் ஒற்றினேன். உப்புத் தண்ணீர் படாமல் மூட்டுகளுக்கெல்லாம் மெழுகுதிரி உருக்கி ஊற்றினேன்.

ஹோர்னும் ஒன்று வைத்துப் பார்த்தேன். டைனமோவுக்கு அந்தப் பலம் போதவில்லை. கிழட்டு ஆடு இருமுவது போல ஒரு சத்தம். பீற்றர் அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஹோர்னைக் கழற்றிவிட்டேன்.

றேடியோவை நடுக்கம்பத்தில் பலகை அடித்து, பாதையின் நீளப்பாட்டுக்கு வடிவாக வைத்துப் பூட்டினேன். கரையில் நின்று மிதித்துப் பார்த்தால்... பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டு வானொலி கணீரென்று வந்தது. சுற்றி நின்ற சனம் கை தட்டியது. மேடையில் பரிசு வாங்கின மாதிரி நான் வெட்கப்பட்டேன்.

திங்கட்கிழமை முதல் பயணம். கரையை விட்டு வெளிக்கிட்டுப் பாதை நேர்ப்பட்டதும், றேடியோ செத்துவிட்டது!

மிதிப்பவர் மூச்சு வாங்க மிதிக்கிறார். 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. அக்கரைக்குப் போய்ப் பாதை திரும்பியதும் பாடுகிறது. பின்னேரம் வரும்போது நடுவழியில் மறுபடியும் மௌனம்.

பாதையில் ஒவ்வொரு நாளும் எங்களோடு வருகிற திரேசம்மாக்கா சும்மா விடுவாரா? கொழும்புத்துறையிலிருந்து கருவாடு கொண்டுபோய்த் தென்மராட்சியில் விற்கிறவர். வாய் பெரிது, மனது அதைவிடப் பெரிது.

"ரீச்சர், உங்கடை றேடியோவுக்குத் தண்ணியெண்டாப் பயம் போலை. கரையைக் கண்டாத்தான் வாய் துறக்குது" என்றார்.

பாதை முழுக்கச் சிரிப்பு. எனக்கோ கோபமும் அவமானமும். வயர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். எந்த மூட்டும் விடவில்லை. பிறகு, றேடியோவைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தபடி யோசித்துக்கொண்டே திரும்பினேன்... பாட்டு வந்தது! மறுபக்கம் திரும்பினேன், நின்றது.

அடடா!

அந்தக் காலத்து றேடியோக்களுக்குள் பென்சில் மாதிரி ஒரு கறுப்புக் கோல் நீளப்பாட்டுக்கு இருக்கும், கம்பி சுற்றியபடி. வானொலி அலையைப் பிடிப்பது அதுதான். கோல் குறுக்காக நின்றால் நன்றாகப் பிடிக்கும். கோலின் முனை நிலையத்தை நேரே பார்த்தால் ஒன்றும் பிடிக்காது. அந்த வானொலி இருப்பது எங்களுக்கு வடமேற்கே. எங்கள் பாதை ஓடுவதும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். நான் வடிவு பார்த்து நீளப்பாட்டுக்குப் பூட்டியதால், பாதை நேராக ஓடும்போதெல்லாம் றேடியோ ஊமை.

குறுக்காகத் திருப்பிப் பூட்டினேன். அன்று தொடக்கம் இக்கரையிலிருந்து அக்கரை வரை பாட்டுத்தான். சைக்கிள் மிதிக்கப் போட்டி வேறு!

கதை இவ்வளவுதான் என்றால் உங்களிடம் பெருமையடித்திருக்க மாட்டேன்.

அது கார்த்திகை மாதம். பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் திரும்புகிறோம். பாதி வழி வந்திருப்போம், வானம் கறுத்தது. மழை என்றால் மழை... கடலேரிக்கு மேல் ஒரு வெள்ளைச் சேலையை இழுத்து மூடின மாதிரி. முன்னால் இருந்த கரையும் இல்லை, பின்னால் இருந்த கரையும் இல்லை. காற்று இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று அடித்ததில் பாதை பம்பரமாய்ச் சுற்றியது. பீற்றர் அண்ணை கம்பை ஊன்றிப் பார்த்தார். நிலம் முட்டவில்லை. மோட்டாரை நிற்பாட்டினார்.

"ஏன் அண்ணை நிப்பாட்டினனீங்கள்?"

அவர் என் காதுக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். "எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை, ரீச்சர். இருக்கிற எண்ணெய் ஒருதரம் ஓடத்தான் காணும். பிழையா ஓடினா மண்டைதீவுப் பக்கம் போயிடுவம்."

அந்தப் பக்கம் இராணுவ முகாம். மழைக்குள்ளிருந்து ஒரு மிதவை வந்தால் அதில் ரீச்சர் வருகிறாவா, கருவாட்டுக்காரி வருகிறாவா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சூடுதான் விழும்.

பீற்றர் அண்ணையின் வாயிலிருந்து 'தெரியேல்லை' என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. திரேசம்மாக்கா புனித அந்தோனியாரைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஒரு தாய் தன் குழந்தையைச் சேலைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, அந்தோனியாரைப் பிறகு கூப்பிடுவம். சைக்கிளிலை ஏறுங்கோ!"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள் ரீச்சர்? சாகப்போற நேரத்திலை பாட்டோ?"

"ஏறி மிதியுங்கோ அக்கா. சொல்லுறன்."

என் முகத்தில் என்ன கண்டாரோ, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறிவிட்டார். மிதித்தார் பாருங்கள்! நான் றேடியோவைப் பலகையிலிருந்து கழற்றி, கொப்பி கொண்டுபோகும் பொலித்தீன் பையால் மூடி, வயரோடு கையில் பிடித்தேன். மழைச் சத்தத்துக்கு மேலால் யாரோ ஒருவர் நெற்பயிருக்கு உரம் போடுவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். காதோடு ஒட்டிப் பிடித்து மெல்ல மெல்லத் திரும்பினேன். உரக்காரரின் குரல் தேய்ந்தது... தேய்ந்தது... நின்றது.

"அண்ணை, இந்தக் கோடு! இதிலை ஒரு முனை எங்கடை கரைப் பக்கம்."

"மற்ற முனை?"

"நேர் எதிர்ப்பக்கம். எது எதெண்டு உது சொல்லாது."

பீற்றர் அண்ணை குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்தார். காற்று குழம்பினாலும், அடியில் ஒரு நீண்ட அலை ஒரே பக்கமிருந்து வந்து பீப்பாக்களைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"இது வாடை அலை. காத்து மாறினாலும் உடனை மாறாது. இது வலக்கைப் பக்கம் அடிச்சா முன்னுக்கு எங்கடை கரை. அலையை மட்டும் நம்பி ஓடப் பயமாக் கிடந்தது. இப்ப ரெண்டும் ஒத்து வருது." எழுந்தார். "கொஞ்சம் வலப்பக்கம் பிடிச்சு ஓடுறன். இடப்பக்கமா இழுபட்டு வந்திருப்பம். சத்தம் வந்தாச் சொல்லுங்கோ, ரீச்சர்."

மோட்டார் உயிர்பெற்றது. நான் கம்பத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஊமையாகிப்போன ஒரு றேடியோவைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பிடித்தபடி நின்றேன். பாதை வழிதவறினால் உரக்காரர் முணுமுணுப்பார். எந்தப் பக்கம் திருப்பினால் அவர் அடங்குகிறார் என்று றேடியோவை மெல்ல அசைத்துப் பார்த்து, "இடப்பக்கம் அண்ணை... இன்னும் கொஞ்சம்... சரி!" என்று கத்துவேன். பின்னால் திரேசம்மாக்காவின் மூச்சு, துருத்தி மாதிரி. இறங்கி வேறொருவருக்குக் கொடுங்கள் என்றால் கேட்கவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. மழைக்குள்ளிருந்து முதலில் தென்னை மரங்களின் நிழல் வந்தது. பிறகு ஒரு தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்.

"பாசையூர்!" என்று யாரோ அலறினார்கள்.

ஆம். குறி வைத்தது கொழும்புத்துறை, போய்ச் சேர்ந்தது அடுத்த ஊரான பாசையூர். விஞ்ஞானம் என்றால் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும்! யாருக்கு அதில் கவலை? ஒருவர் குறையாமல் இறங்கினோம். குழந்தையோடு வந்த தாய் மணலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். திரேசம்மாக்கா சைக்கிளிலிருந்து இறங்க முடியாமல் இரண்டு பேர் தோளில் தொங்கினார். நான் சிரித்தேனா, அழுதேனா... இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

பீற்றர் அண்ணை கிட்ட வந்தார். என் கையிலிருந்த றேடியோவை வாங்கினார். நனைந்த சேட்டைக் கழற்றிப் பிழிந்து அதை ஒருமுறை துடைத்து, பக்குவமாகத் திருப்பித் தந்தார். எனக்கு அது போதும்.

ஆனால் ஊருக்குப் போதுமா? ஒரே கிழமையில் கதை கரையெல்லாம் பரவிவிட்டது. கடற்கரைப் பக்கத்தார் மூன்று நாலு பேர் தங்கள் வள்ளங்களுக்கும் பூட்டித் தரச்சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் யாரோடு கதைத்தார்கள் தெரியுமா? தபால் கந்தோரில் வேலை செய்யும் என் கணவரோடு!

"ஐயா, பீற்றரின்ரை பாதைக்கு நீங்கள் பூட்டின சாமான் வலு திறமாம்..."

நான் குசினிக்குள் நின்றேன். அடக்க ஏலாத கோபம். வெளியே வரக் கால் எடுத்தேன். அதற்குள் அவருடைய குரல், கந்தோரில் கூட அப்படி உரத்து அவர் கதைத்திருக்க மாட்டார்:

"நானோ? எனக்குப் பல்ப் மாத்தவும் தெரியாது. உது முழுக்க என்ரை மனுசி. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, அவ தானாப் பூட்டினது. இருங்கோ, கூப்பிடுறன். அவவோடை கதையுங்கோ."

எங்கள் கலியாணப் படத்தில்கூட அந்த மனிதர் நெஞ்சை அவ்வளவு நிமிர்த்தி நிற்கவில்லை!