கண்ணாடிக் கடைக்கு வந்த ஆப்பிரிக்க நாவல்

கண்ணாடிக் கடைச் சின்னவள் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவைத்தான் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. கீழே கடை, மேலே வீடு, நடுவே உட்புறப் படிக்கட்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் படியில் ஏறி இறங்கியே காலம் போனது. கடை கணவனின் அண்ணனுடையது. பெரியவர் என்றுதான் சொல்வார்கள். கணவன் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பான். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். அம்மா வீட்டுக்குப் போய்வரக்கூடப் பெரியவர் தலையசைக்க வேண்டும். அவரோ எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார்.

ஒருநாள் நர்ஸ் ஒருத்தி படிக்கும் கண்ணாடி வாங்க வந்தாள். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கத் தன் பையிலிருந்த புத்தகத்தையே விரித்தாள். தமிழில் வந்த ஆப்பிரிக்க நாவல். சின்னவள் எட்டிப் பார்த்ததைக் கவனித்து, அவளிடமே கொடுத்துவிட்டாள்.

"திருப்பித் தர வேண்டாம். படிச்சதும் வேற யாருக்காவது குடுத்துடுங்க."

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதை. வெள்ளை அதிகாரிக்கு ஊர்க்காரர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிறவரின் குடும்பம். ஆபீசில் கூனிக் குறுகி நிற்கும் மனுஷன், வாசல்படி மிதித்ததும் புலியாகிவிடுவார். சாமான் அறைச் சாவிகூட அவர் இடுப்பில்தான். மகன் சண்டை போட்டுக்கொண்டு சுரங்க வேலைக்கு ஓடிப்போகிறான். தாய் வாயைத் திறப்பதில்லை. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் மேஜைக்கடியில் வைத்துப் படித்தாள் சின்னவள். யாரோ இந்த வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியது போலிருந்தது.

முடித்ததும் ஓரகத்தியிடம் கொடுத்தாள். பெரியவரின் மனைவியை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஓரகத்தி பாதி படிப்பதற்குள் புத்தகம் பெரியவர் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அவர் திட்டவில்லை. தானே உட்கார்ந்து படித்து முடித்துவிட்டு, சாப்பிடும்போது தீர்ப்புச் சொன்னார்.

"என்ன மனுஷன்! ஊரே வெள்ளைக்காரன் கையில இருக்கு. இவன் ஒருத்தன் குடும்பத்தைச் சிதறாம கட்டிக் காப்பாத்தியிருக்கான். அந்தப் பையன்தான் உருப்படாதவன்."

கணவன் தலையாட்டினான். பெண்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு நாவல் பிரேம்களுக்கு நடுவே கண்ணாடி அலமாரியில் ஏறியது. பூட்டும் போட்டார். பவர் பார்க்க வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துக் கதை சொன்னார். யாராவது இரவல் கேட்டால் தரமாட்டார். அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்லித்தான் தந்தார்கள் என்று சின்னவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பார்க்கலாம் என்றார்.

ஒரு காலையில் பெரியவர் குளிக்கப் போனபோது, தையற்காரி ஒருத்தி தன் கண்ணாடியை வாங்க வந்தாள். ஓரகத்தி கீழே இறங்கி வந்தாள். கையில் அலமாரிச் சாவி. நாவலை எடுத்துத் தையற்காரியின் பையில், கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தாள்.

"படிச்சுட்டு யாருக்காவது குடுத்துடுங்க. இங்க மட்டும் கொண்டு வந்துடாதீங்க."

சின்னவள் அவசரமாகப் பில் போட்டுக் கொடுத்தாள்.

பெரியவர் கடையையே தலைகீழாக்கித் தேடினார். எங்களுக்கென்ன தெரியும் என்று இருவரும் சாதித்துவிட்டார்கள். அலமாரிக்கு இன்னொரு பூட்டு வந்தது. சாவிகள் இரண்டும் அவர் தலையணைக்கடிக்குப் போயின.

ஒருநாள் அடுப்படியில் ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள்.

"நான் பாதியிலயே குடுத்துட்டேன். அந்தப் பையன் திரும்பி வந்தானா?"

"வரலக்கா."

"அம்மாக்காரி?"

"அங்கயேதான் இருக்கா."

ஓரகத்தி அடுப்பைக் குறைத்தாள். கீழே ஆள் வந்திருப்பதாகப் பெரியவர் குரல் கொடுத்தார். சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.