நூலகம் கேட்ட தாலாட்டு

நான் பாடகன் இல்லை. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். அதன்பிறகு எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. அமெரிக்கா வந்ததும் முதலில் டெக்சாஸில், பேர்லேண்டில் ஒரு ஹோட்டலில் மாவரைத்தேன். படுக்கை ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில். அந்த ஹோட்டலை மூடியதும் கலிஃபோர்னியாவில் பே ஏரியாவுக்குப் போனேன். அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க காரிலேயே தூங்கினேன். காலை நீட்ட முடியாது, மற்றபடி பழகிவிடும். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகுதான் வெஸ்ட் வின்ட்சரில் ஒரு கேட்டரிங் சமையலறையில் வேலையும், எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருவரின் வீட்டு பேஸ்மென்ட்டில் ஓர் அறையும் கிடைத்தன.

அக்கா நர்ஸ். கணவருக்கு ஹூஸ்டனில் வேலை, மாதம் ஒருமுறை வந்துபோவார். ஒரே மகள், ஹைஸ்கூலில் படிக்கிறாள். நாம் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஓர் அமெரிக்கச் சபை தன் ஆலயத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களுக்கு ஆராதனை நடத்தக் கொடுக்கும். முடிந்ததும் சாப்பாடு உண்டு என்பதால் நானும் போனேன். அங்கே பாடகர் குழுவை நடத்துவது அக்காதான். என் குரல் நன்றாகக் கீழே இறங்குகிறது என்று கண்டுபிடித்து, என்னை பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடுகிறவர்களோடு நிறுத்திவிட்டார். இங்கே வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

பக்கத்து ஊர் நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு மாலை, அந்த ஊரில் பிறந்த ஒரு பழைய நாவலாசிரியருக்காக விழா எடுப்பார்கள். கால்வாய் வெட்ட வந்த கூலிக் குடும்பங்களைப் பற்றி எழுதியவராம். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அவரைப் படித்தாக வேண்டும். அவருடைய நாவலில் ஒரு தாய் கால்வாய்க்கரையில் துணி துவைத்துக்கொண்டே சர்ச்சில் பாடும் ஒரு ஞானப்பாட்டை முணுமுணுப்பாள். அதனால் விழாவின் கடைசியில் பள்ளி வாத்தியக் குழு அந்தப் பாட்டை வாசிக்கும், கூட்டம் முழுக்க எழுந்து நின்று பாடும். அது அவர்கள் வழக்கம்.

இந்த வருஷம் விழாக் குழுவினர் புதிதாக ஒன்று யோசித்தார்கள். அன்றைக்கு வந்தவர்கள் அந்தக் கூலிக் குடும்பங்கள் என்றால் இன்றைக்கு வந்தவர்கள் நாம். ஆகவே ஒவ்வொரு நாட்டுக் குடும்பமும், தாய் வீட்டில் பாடும் பாட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அக்காவின் மகள் அந்தக் குழுவில் மாணவர் சார்பில் இருந்தாள். தன்னைத் தூங்கவைக்க அம்மா பாடிய பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று உண்டு என்று அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். அம்மாவை மேடையில் அவளே அறிமுகப்படுத்துவதாகவும் ஏற்பாடு.

அதுவரை அவள் அம்மாவைப் பள்ளிக்கூடத்து நிகழ்ச்சி எதற்கும் கூப்பிட்டதில்லை. அக்கா காரைவிட்டு இறங்குவதுகூட அவளுக்குப் பிடிக்காது. அவளே கூப்பிட்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் லீவு கேட்டார், குழுவைக் கூட்டினார், எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கித் தந்தார்.

ஒத்திகைக்கு நூலகத்துக்குப் போனோம். அக்காவின் தாலாட்டை எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாடுகிறபடி நாலு குரலில், ஒவ்வொரு அடியின் கடைசியிலும் நன்றாக இழுத்துப் பாடினோம். பியானோவில் உட்கார்ந்திருந்தவர் இரண்டாவது அடியிலேயே எங்களோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார். இதற்கு முன் கேட்காத பாட்டை எப்படி வாசிக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். நாங்கள் இழுத்த இழுப்புக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாதியில் கையை எடுத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் விழாவை நடத்தும் அம்மாள் வந்தார். ரொம்ப அழகாக இருந்தது, ஆனால் விழாவின் கடைசியில் எல்லோரும் இங்கிலீஷில் பாடும் பாட்டே இதுதான், உங்கள் சொந்த மரபிலிருந்து ஏதாவது கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மகளின் முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு அந்தச் சமாசாரம் அப்போதுதான் தெரிகிறது. நாவலைப் படித்திருக்கிறாள், விழாவுக்கு இதற்கு முன் வந்ததில்லை. நேராகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அவள் இங்கிலீஷில் பொரிந்தாள். டீச்சர் முன்னால் தான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டதாம். அவர்கள் பாட்டை எடுத்து அவர்களிடமே கொண்டுபோய் நம்முடையது என்று காட்டியிருக்கிறோமாம்.

"நான் எப்போடீ தமிழ்ப்பாட்டுன்னு சொன்னேன்?" என்றார் அக்கா.

"தமிழ்லதானே பாடினே?" அந்த ஒன்றை மட்டும் அவள் தமிழில் கேட்டாள்.

 அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, என் கல்யாணத்துல இதத்தான் பாடுனாங்க. எங்கப்பாவ எடுக்கும்போதும் இதத்தான் பாடுனாங்க. இது நம்ம பாட்டு இல்லன்னா, பெறகு எதுப்பா நம்ம பாட்டு?"

எனக்கு என்ன தெரியும்? என் அம்மா பீடி சுற்றிக்கொண்டே அதைப் பாடுவாள். தட்டில் இலை காலியாகும் வரை பாடுவாள். வெள்ளைக்காரப் பாதிரிமார் கொண்டுவந்த மெட்டு என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கு எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டார்கள்? அது வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் அக்காவின் மகளிடம் அந்த நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகியது. மகளிடம் திருப்பிக் கொடுக்கும்போது, அந்தத் தாய் பாடுகிற இடத்தைச் சொல்லச் சொன்னேன். "ஒரு சர்ச் சாங் ஹம் பண்றா, அவ்வளவுதான் அங்கிள். எந்த சாங்னு புக்ல இல்ல," என்றாள். எந்தக் காலத்திலோ ஒரு கமிட்டி இதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்ததாம். அப்படியானால் அவர்கள் பாட்டு என்பதும் நிச்சயமில்லையா என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

அக்கா கடைசியில் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையை எடுத்தார். பட்டுச்சேலை, மல்லிகைப்பூ, ஒருவர் டோலக், ஒருவர் ஹார்மோனியம். கேட்டால் இந்தியப் பாட்டு என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஒத்திகை முடிந்து பாத்திரம் கழுவும்போது மட்டும் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நான் அவளுக்கு ஒருநாளும் பாடுனதில்லையே."

விழா மாலையில் மகள் மைக் முன்னால் வந்து, காகிதத்தில் இருந்ததை அப்படியே வாசித்தாள். தாலாட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள். தென்னிந்திய பக்திப் பாடல், பாடுபவர் என் அம்மா. வாசித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் பாடினோம். கைதட்டல் பலமாக இருந்தது. விழா நடத்தும் அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா சிரித்தார், ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் சிரிக்கிற சிரிப்பு அது. பிறகு நாங்களும் மகள் இருந்த வரிசையில் போய் உட்கார்ந்தோம். அவளுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான்.

கடைசியில் வாத்தியக் குழு அந்த மெட்டை எடுத்தது. எல்லோரும் எழுந்தார்கள். கையில் இங்கிலீஷ் வரிகள் அச்சடித்த தாள். அக்கா தாளைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் நின்றார். தன்னுடைய பாட்டை வேண்டாம் என்று சொன்ன இடத்தில் எப்படிப் பாடுவது என்று நினைத்தாரோ என்னவோ.

என் இடப்பக்கம் தமிழ் கேட்டது.

மகள்தான். தாளை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். அர்த்தம் முழுக்கத் தெரிந்து பாடவில்லை, சொற்களில் கொஞ்சம் மழலை இருந்தது. ஆனால் ஒரு வரிகூட விடவில்லை. அடியின் கடைசியில் அம்மா மாதிரியே இழுத்தாள். வாத்தியக் குழு அடுத்த அடிக்குப் போன பிறகும் இழுத்தாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய டீச்சரும் பார்த்தார். காது மடல் சிவந்தது, குரலை மட்டும் இறக்கவில்லை.

அக்கா என்னைத் தாண்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை முழங்கையால் இடித்து, இடம் மாறு என்று கண்ணைக் காட்டினார். மாறினேன். இரண்டாம் சரணத்தை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். நானும் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டேன். வாத்தியக் குழு முடித்துவிட்டது. எங்களுக்கு இன்னும் அரை அடி பாக்கி இருந்தது. அதையும் பாடித்தான் உட்கார்ந்தோம்.

வெளியே வரும்போது விழா நடத்தும் அம்மாள், அந்தப் பாட்டுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பு இருப்பது தனக்குத் தெரியாது என்றார். கூட்டத்தின் இரைச்சலில் அக்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். காரில் ஏறியதும், அவர் என்ன சொன்னார் என்று மகளிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. அவங்களுக்கும் இந்தப் பாட்டு தெரியுமாம்," என்றாள்.