பாலமுனைப் பிள்ளைக்காகச் சண்டையிட்ட டொக்டர் மஸாஹிரா

கொழும்பிலிருந்து வந்த அழைப்பில் பாதிதான் கேட்டது. "ராத்தா லண்டன்ல மௌத்தாகிட்டா, டொக்டர்" என்று தன் அக்கா இறந்ததைச் சொன்னார் மஸாஹிராவின் தம்பி. எப்படி என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மாரடைப்பு என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அங்கேயே அடக்கியும் விட்டார்கள். மருதமுனையில் பிறந்தவருக்கு ஒரு பிடி மண் போட எங்களில் எவருக்கும் வாய்க்கவில்லை.

நோயுற்ற பிள்ளையின் வெள்ளை அணுக்களை வெளியே எடுத்து, புற்றணுக்களைத் தாக்கப் பழக்கி, திரும்பவும் அதே உடலில் செலுத்துவது பற்றியே மஸாஹிரா லண்டனில் ஆராய்ந்தார். விடுமுறையில் ஊருக்கு வந்தால் உறவினர் வீடுகளைவிட, நான் டொக்டராக இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்டில்தான் அதிகம் இருப்பார்.

பாலமுனை மீனவர் லத்தீப்பின் மகள் ஸும்ராவுக்கு, கொழும்பில் சிகிச்சை முடிந்த பிறகும் இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. லத்தீப் மஸாஹிராவிடம் நேரே கேட்டார்: "உங்கட மருந்த எங்கட புள்ளைக்குத் தாங்களன்?"

"அது இன்னும் குப்பிக்குள்ளதான் வேலை செய்யுது, நானா."

"அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மஸாஹிராவோ என்னைப் பார்த்து, "அவர் கேட்டது ஞாயம்தானே?" என்றார்.

ஸும்ராவின் அண்ணனின் எலும்பு மச்சை பொருந்தினால், அதை ஏற்றிச் சிகிச்சை செய்ய அவளை லண்டனுக்கு எடுக்கலாம் என்று மஸாஹிரா அங்குள்ள தன் மருத்துவமனையைச் சம்மதிக்க வைத்தார். இருவரின் இரத்தத்தையும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் சாமான்களையெல்லாம் இறக்கி, பெட்டியைத் திறந்து, வெயிலில் போட்டுவிட்டார்கள். இரத்தம் பழுதாகிவிட்டது.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

"நோய் அல்லாஹ்ட நாட்டம். ஐஸ் உருகினது மனுசன் செஞ்ச வேலை. ரெண்டையும் கலக்காதீங்க" என்று வெடித்தார் மஸாஹிரா.

மறுபடி இரத்தம் எடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அவரே போனார். அண்ணனின் மச்சை பொருந்தியது. ஆனால் விசாவுக்கு ஒரு கந்தோர் அதிகாரி இன்னொரு கந்தோரைக் கைகாட்டினார். எங்கே போனாலும் "நாளைக்கு வாங்க" என்றார்கள். மஸாஹிரா கொழும்பில் படியேறிக்கொண்டிருந்தபோது ஸும்ராவுக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் வார்டிலேயே பிள்ளையின் மூச்சு அடங்கிப்போனது.

திரும்பி வந்தவரிடம் லத்தீப் சொன்னார்: "ஏலுமான எல்லாம் செஞ்சீங்க, டொக்டர்."

"இல்ல நானா. ஏலுமானது இன்னும் நிறைய இருந்திச்சு. செய்ய விடல்ல."

லத்தீப் அழுதார். மஸாஹிரா அழவில்லை. கந்தோர் கந்தோராகச் சுமந்து திரிந்த பையைத் தரையில் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

மஸாஹிரா போனபோது அவரது ஆய்வு முடிந்திருக்கவில்லை. அதை யார் தொடர்வார்களோ, அப்படி ஒரு மருந்து வந்தாலும் எங்கள் கரைக்கு வந்து சேருமோ, தெரியாது. அவரை அறிந்த ஊரவர்களே, நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பொறுமையாக இருக்கச் சொல்கிறீர்கள். மன்னியுங்கள். மஸாஹிரா எனக்கு விட்டுப்போனது அவருடைய கோபம். அதை நான் ஆறவிடப்போவதில்லை.