ஆயுத பூஜைக்குக் கழுவிய ஆறு இன்ஜின்கள்

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. குத்தாலத்துக்கோ மயிலாடுதுறைக்கோ போனால்தான் கண்ணால் பார்க்கலாம். ஆனால் எங்கள் வீட்டில், நெல் மூட்டை அடுக்குகிற அறையில், மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் எழுதிய ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. கட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவரா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இல்லை. மூன்று வேலி நிலத்தை ஒரு வேலியாக்கின விவசாயி.

முதல் ரயிலை வாங்கி வந்தது சிங்கப்பூரில் இருக்கும் மகன். அவன் பிள்ளைக்கென்று வாங்கினான். தாத்தா பெட்டியைப் பிரித்தார். பிள்ளைக்கு அழுகைதான் மிச்சம். அதற்குப் பிறகு மனிதர் விடவில்லை. அறுத்த நெல்லை நேரே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிடுவதால் அந்த அறை காலியாகத்தான் கிடந்தது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அளவுக்குப் பிளைவுட் அடித்துத் தண்டவாளம் போட்டார். மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து வயல். வாய்க்கால் களிமண்ணில் வரப்பு. துடைப்பக் குச்சியில் தென்னைமரம். அந்த வயலுக்கு மேட்டூரில் தண்ணீர் திறக்க வேண்டியதில்லை, பூச்சி மருந்து வேண்டியதில்லை. வாழ்நாளில் அவர் நட்டம் பார்க்காத சாகுபடி அது ஒன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

இன்ஜின் ஆறு சேர்ந்தது. கறுப்பில் ஒரு புகைவண்டி, டீசல் மூன்று, கரண்டில் ஓடுகிற மாதிரி இரண்டு. எல்லாவற்றுக்கும் கண்ணாடி அலமாரி. எனக்குப் பட்டுப் புடவை வைக்க அலமாரி கேட்டு இருபது வருஷம் ஆகிறது. "உங்க சின்னவளுக்குத் துடைச்சு விட்டாச்சா?" என்பேன். "அவ உன்னை மாதிரி எதிர்த்துப் பேச மாட்டா" என்பார், தண்டவாளத்தை ரப்பரால் தேய்த்துக்கொண்டே.

போன சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போனது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை தங்கியது. "இல்ல." தண்ணீர் வேண்டுமா என்றாலும் இல்ல. போதுமா என்றாலும் இல்ல. நான் யார் என்று கேட்டாலும் இல்ல. அதைக் கேட்டு நான் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

பேச்சைவிடப் பெரிய வில்லங்கம் சாப்பாடு. விழுங்குகிற இடம் பலவீனமாக இருக்கிறது, கஞ்சியைக் கெட்டியாக்கி, உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கொடுக்க நான் தயார். வாயைத் திறக்க அவர் தயாரில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். "இப்படியே போனா மூக்கு வழியா டியூப் போட்டுத்தாம்மா ஆகணும்" என்றார் டாக்டர்.

அந்த டியூபை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஏழு மாதம் அதோடு கிடந்து செத்தார். பார்த்துவிட்டு வந்த அன்று இவர் ரயில் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயர் முடுக்கிக்கொண்டிருந்தார். வாயில் திருகாணி. அதை எடுக்காமலே சொன்னார்: "எனக்கு மட்டும் அப்படிச் செஞ்சிடாத." நான், "உங்களுக்கு எதுக்கு டியூப்பு, திருகாணியே எறங்கும்" என்றேன். பிறகு, சரி, செய்ய மாட்டேன் என்றேன்.

அதனால் கட்டிலை ரயில் அறைக்கு மாற்றினேன். சும்மா பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான். ஒரு நாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் செய்வதைப் பார்த்திருந்த நினைவில், கன்ட்ரோலரின் குமிழை மெல்லத் திருகினேன். பச்சை டீசல் நான்கு பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியது. வயலைச் சுற்றி, பாலத்தில் ஏறி, எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. அவர் வாய் தன்னால் திறந்தது. ஒரு கரண்டி உள்ளே போட்டேன். விழுங்கினார்.

அன்றிலிருந்து ஒரு சுற்றுக்கு ஒரு வாய். பன்னிரண்டு சுற்றில் ஒரு கிண்ணம் காலியாகும். மின்சாரம் போனால் பட்டினி. ஆறாங்கிளாஸ்கூட எட்டாத நான் ஒரே மாதத்தில் டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் ஆனேன். எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தப் பெட்டி தடம் புரளும், எல்லாம் கைக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கும் பிடித்துப்போனது. அவர் தூங்கும்போதும் ஓட்டினேன். அவருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பெட்டியைத் திரும்ப அதே இடத்தில் நிறுத்திவிடுவேன்.

இப்படி ஐந்து மாதம் போனது. உடம்பு கொஞ்சம் தேறியது. கன்னத்தில் சதை வைத்தது. டாக்டரே டியூப் பேச்சை விட்டார்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் ஒன்று விடாமல் கழுவ வேண்டும். அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கிற மிஷின், அரிவாள்மனை, ஆட்டுக்கல். டிராக்டரை வாய்க்கால் ஓரம் நிறுத்திக் குளிப்பாட்டுவார்கள். கழுவி, காயவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைப்போம். அன்று ஒரு நாள் எதையும் எடுக்கக் கூடாது. ரயில்களை மட்டும் அவர் வருஷா வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு தானே பார்த்துக்கொள்வார். பூஜையில் அவை பொட்டோடு இருக்கும். உள்ளே என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை.

இந்த வருஷம் செய்ய ஆள் நான்தான். அவர் சோறு சாப்பிடுவதே இந்த ஆறு பேர் புண்ணியத்தில். இவர்களுக்குச் செய்யாமல் மண்வெட்டிக்கு என்ன பூஜை என்று நினைத்தேன். பெரிய வாளியில் சோப்புத் தூள் கரைத்து ஆறையும் உள்ளே போட்டேன். பல் தேய்க்கும் பிரஷால் சக்கரத்து இடுக்கெல்லாம் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் வந்தது. எவ்வளவு அழுக்கு பார், கதவைச் சாத்திக்கொண்டு இந்த மனிதர் என்னத்தைத் துடைத்தார் என்று வைதேன். முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் தாராளமாக வைத்தேன். கட்டிலில் படுத்தபடி அவர் பார்த்தார். "இல்ல, இல்ல, இல்ல" என்றார். எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தைதானே. "சரி சரி, உங்க சின்னவளுக்குக் கொஞ்சம் கூடவே வைக்கிறேன்" என்றேன்.

பூஜை அன்று ரயில் ஓட்டவில்லை. ஆயுதத்தை எடுக்கக் கூடாதே. நாலு கரண்டி பாயசத்தைக் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினேன். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் பச்சை டீசலைத் தண்டவாளத்தில் வைத்துக் குமிழைத் திருகினேன். நகரவில்லை. இன்னும் திருகினேன். கருகின வாடை வந்தது. அடுத்ததை வைத்தேன். அடுத்ததை. ஆறும் அப்படியே நின்றன.

மகனுக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையுமாம்மா கழுவுன?"

"பின்ன, ஒண்ணைக் கழுவி ஒண்ணை விட்டா அதுக்கு ஏக்கமா இருக்காதா?"

"தண்ணியிலயா போட்ட?"

"சோப்புத் தண்ணியில."

"அப்பா தண்ணியே படவிட மாட்டாரும்மா. சின்னக் காகிதத்துல பொட்டு வச்சு, அதைத்தான் மேல ஒட்டுவாரு" என்றான். புதிதாக ஒன்று அனுப்புகிறேன், பத்து நாளாவது ஆகும் என்றான்.

பத்து நாள். அன்று மதியமே அவர் வாயைத் திறக்கவில்லை. இன்ஜினில் தையல் நூலைக் கட்டி, மேஜைக்கு இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்து இழுத்தேன். வாயால் சத்தமும் கொடுத்தேன். அவர் ரயிலைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

ஆறையும் பையில் போட்டுக்கொண்டு குத்தாலம் கடைத்தெருவில் மிக்சி ரிப்பேர் செய்கிற பாய் கடைக்குப் போனேன். என் மகன் வயதுதான் இருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்றைத் திறந்தார்.

"அம்மா, உள்ள சந்தனமா இருக்கே?"

"மணக்குதா தம்பி?"

"நல்லா மணக்குது. ஓடத்தான் மாட்டேங்குது."

நான் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, முன்னால் கிடந்த மிக்சியை ஓரமாக வைத்தார். "கம்பி தலைமுடி கனந்தாம்மா இருக்கு. எல்லாம் துரு ஏறிக் கெடக்கு. ஆறுல ஒண்ணு தேறுதான்னு பாக்கறேன். ஓடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். இரண்டு நாள் கேட்டார்.

அந்த இரண்டு நாளில் சொட்டுச் சொட்டாக இளநீர் இறங்கியது, அவ்வளவுதான். நாத்தனார் பார்க்க வந்தாள். அண்ணனுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, எங்க அண்ணனைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்களா? பேசாம டியூபு போடுங்க."

"அவரு வேணான்னு சொன்னாரு."

"எப்ப?"

"நல்லா இருந்தப்ப."

"நல்லா இருந்தப்ப யாருதான் வேணும்பாங்க?"

நான் இளநீரில் கரண்டியை முக்கி அவர் உதட்டில் வைத்தேன்.

மூன்றாம் நாள் பாய் தானே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். ஆறு இன்ஜினைப் பிரித்து ஒன்று சேர்த்திருந்தார். டீசலின் உடம்பு, வேறு எதனுடையதோ சக்கரம். தண்டவாளத்தில் வைத்தோம். திக்கித் திக்கிக் கிளம்பியது. வயலோரம் நின்றது. விரலால் தள்ளினேன். மறுபடி போனது. ஸ்டேஷனுக்கு வந்தது. அவர் வாயைத் திறந்தார். அவசரத்தில் கஞ்சி பாதி தாடையில் வழிந்தது. இரண்டாவது சுற்று, இரண்டாவது வாய். மூன்று. நான்கு. பாய் வாசற்படியில் நின்றபடி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில் பாலத்தின் மேல் நின்று, அடியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

"மன்னிச்சிருங்கம்மா" என்றார் பாய்.

"நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க. குளிப்பாட்டுனது நானு."

அதற்கப்புறம் ஐந்து நாள். நாக்கு காய்ந்தது. கூப்பிட்டால் கண் திறக்க நேரமானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையெழுத்துக் கேட்டார். டியூப் போடாவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்றார். மகன் போனில், "உன் இஷ்டம்மா" என்றான். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவனுக்கு அதைத்தான் சொல்ல முடியும்.

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஏங்க, டியூபு போடச் சொல்லட்டுமா?"

"இல்ல."

"போடாம வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிரட்டுமா?"

"இல்ல."

என் பெயரை எழுத எனக்கு நேரம் ஆகும். ஒவ்வொரு எழுத்தாக நினைத்து எழுத வேண்டும். அன்று எழுதுகிற நேரம் முழுக்க, நிறுத்திவிடலாம், இன்னும் முடிக்கவில்லை, நிறுத்திவிடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எழுதி முடித்தேன். நர்ஸ் டியூபை உள்ளே விடும்போது அவர் தலையை ஆட்டினார். பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் இடது கையால் அதைப் பிடுங்கிப் போட்டார். மூக்கில் ரத்தம். திரும்பப் போட்டுக்கொண்டு வந்தோம். மறுபடி பிடுங்கினார். கையைக் கட்டி வைத்தால்தான் முடியும் என்று நர்ஸ் சொன்னாள். என் பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, அழுத்தாமல், மணிக்கட்டைக் கட்டிலின் சட்டத்தோடு கட்டினேன். நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் செய்த கை. என்னை அடித்ததும் இல்லை, அதிகம் தொட்டதும் இல்லை. "இப்பத்தான் கைக்குள்ள அடங்கியிருக்கீங்க" என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கஞ்சியை வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, மூக்குக் குழாய் வழியாக விடுவேன். வாய்க்கு வேலையில்லை. ருசி கிடையாது. உப்பு மறந்து போனாலும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் நாளே உப்பு போடுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மகன் அனுப்பிய பார்சல் பதினாலாம் நாள் வந்தது. நீல இன்ஜின். நல்ல கனம். முன்னால் விளக்கு எரிகிறது, ஹாரன்கூட அடிக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு, உலர்ந்த துணியால் எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். அவர் தலையைத் தலையணையில் திருப்பி மேஜைப் பக்கம் வைத்தேன். குமிழைத் திருகினேன். இதுவரை ஓடின எதுவும் அப்படி ஓடியதில்லை. வெண்ணெய் மாதிரி வளைவில் திரும்பியது. பாலத்தில் ஏறும்போது விளக்கு வெளிச்சம் சுவரில் விழுந்து நகர்ந்தது.

மகன் வீடியோவில் வந்தான். "எப்படிம்மா இருக்கு? அப்பா பாக்கறாரா?"

"பாக்கறாருப்பா" என்றேன். போனை அவர் பக்கம் திருப்பவில்லை.

ரயில் ஸ்டேஷனுக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த கையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ரயிலை நிறுத்தவில்லை.