புறங்கைச் சூடு

மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய வலது புறங்கைதான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல அதை மெஷின்மேல் வைப்பார். மலேசியாவில், ஜொகூர் பாருவில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் மேலாளர், நான் அவருக்குக் கீழே கிளார்க். ஏற்றுமதியாகும் பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் கம்பெனி சார்பாக அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். மற்றவர்கள் மேசையிலேயே போட்டுவிடுவார்கள். இவரோ தொழிற்சாலைக்கே போய், மெஷின் ஓடிய சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் போடுவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வெயிலில் கார் ஓட்டுவது நானல்லவா!

அமெரிக்கா சீனப் பொருளுக்கு வரியை ஏற்றிய சமயம் அது. மலேசியா போன்ற ஆசியான் நாட்டுப் பொருளுக்கு வரி குறைவு. அதனால் சில சீனச் சரக்குகள் இங்கே வந்து, பெட்டி மாறி, மலேசியச் சரக்காகக் கிளம்பப் பார்த்தன. எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ரெங்கம் பக்கம் நாற்காலித் தொழிற்சாலை வைத்திருந்தார். அங்கே மேடம் கை வைத்த மெஷின் சில்லென்று இருந்தது. ரம்பத்தில் சிலந்தி வலை. பின்கட்டில் சீன எழுத்துப் போட்ட பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

"என்ன மேடம், ஊரே செய்யுது லா" என்றார் அந்தத் தொழிற்சாலை முதலாளி.

"சீனாவோட வியாபாரம் இல்லாம நமக்குச் சோறு இல்ல, ஒத்துக்கிறேன். அதுக்காக நம்ம சட்டையை அவங்க சரக்குக்கு மாட்டி அனுப்பலாமா? நாளைக்கு ஆசியான் சரக்கு எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. நெசமா நாற்காலி செய்யிறவங்க எங்க போவாங்க?" மேடம் கையெழுத்துப் போடவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மேடம் வேண்டுமென்றே வம்பு செய்கிறார் என்று அந்த முதலாளி எங்கள் டைரக்டரிடம் சாதித்தார். டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, அங்கே மெஷின் ஓடியதா என்று மேடத்தின் முன்னாலேயே கேட்டார். என் மனைவி அப்போது நிறைமாதம். வேலை போனால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன்.

"நான் சரியா கவனிக்கல, பாஸ்."

மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் நாற்காலி எனக்கு வந்தது. வெட்கங்கெட்டவன், உட்கார்ந்தேன். பல வருஷம் கையெழுத்தையும் அங்கே உட்கார்ந்தபடியே போட்டேன். பெர்மாஸ் ஜெயா சந்தையில் தூரத்தில் அவரைக் கண்டால் வேறு வரிசைக்குள் நுழைந்துவிடுவேன்.

இப்போது மறுபடியும் வரிச் சண்டை, மறுபடியும் அதே மாதிரி விண்ணப்பங்கள். போன வாரம் ரெங்கத்தில் இன்னொரு தொழிற்சாலையிலிருந்து ஒன்று வந்தது. பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஒரே மரத்தூள், காது அடைக்கும் சத்தம். ஓடி நின்ற மெஷின் ஒன்றின்மேல் புறங்கையை வைத்துக்கொண்டே, இத்தனை வருஷம் அழிக்காமல் வைத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

"மேடம், அன்னிக்கி நானும் பார்த்தேன்."



"தெரியும். இப்ப எங்க இருக்கீங்க?"

"ரெங்கத்துல, ஒரு மெஷின் பக்கத்துல."

"சூடா இருக்கா?"

"சுடுது, மேடம்."

"அப்பப் போடுங்க கையெழுத்தை."