கப்பல் ஆடும் என்று சொன்னேன்

ஜெர்மனியிலிருந்து அண்ணா என்னைப் பார்க்க பலெர்மோவுக்கு வந்தபோது ஒரு வரைபடத்தோடு வந்திறங்கினார். பத்து நாளில் சிசிலி முழுவதையும் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். நான் நகருக்குள் கபோ என்ற பகுதியில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். கடற்கரைப் பக்கம், சின்யோரா என்று நான் கூப்பிடும் ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் வேலை. இரண்டு வருடமாக அந்த வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் நான் ஏறியதில்லை.

காரணம் ஒன்றுதான். எனக்கு பெர்மெஸ்ஸோ இல்லை. இந்த நாட்டில் இருக்க விடும் அந்தத் தாளுக்கான விண்ணப்பம் குவெஸ்துரா என்ற அரச அலுவலகத்தில் கிடந்தது. அடுத்த கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பொலிஸ் கையில் பட்டால் அவ்வளவுதான். ஆனால் அம்மா நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்று, கிடைத்துவிட்டதாகப் போன வருடமே எழுதிவிட்டேன். அண்ணாவும் அந்தக் கடிதத்தை நம்பித்தான் வந்திருந்தார்.

"கத்தானியாவுக்கு ரயில் போகுதாமே?"

"போகும். நடுவழியிலை மணிக்கணக்கா நிக்கும்."

"அப்ப பஸ்?"

"மலைப்பாதை. வயித்தைப் புரட்டிச் சத்தி வரும்."

"சரி, சின்னத் தீவுகளுக்குக் கப்பல் இருக்கெல்லோ?"

"கப்பல் ஆடும் அண்ணா."

"நீ இஞ்சை வந்து நல்ல கசவாரமாப் போனாய்," என்றார். காசுக்காகத் தட்டிக்கழிக்கிறேன் என்று அவர் நினைத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

நான்காம் நாள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. "பகேரியாவுக்குப் போவம்," என்றேன். பக்கத்து ஊர். பழைய மாளிகைகளைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பலாம். இவ்வளவு கிட்டப் போவதற்குள் என்ன வந்துவிடப் போகிறது?

எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பஸ் டிக்கெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, அதைக் குத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்போம். பரிசோதகர் ஏறுவது தெரிந்தால் மட்டும் குத்துவோம்; குத்தாத டிக்கெட்டை அடுத்த முறையும் பாவிக்கலாம். ஒரே டிக்கெட்டில் ஒரு கிழமை ஓட்டிய கெட்டிக்காரி நான். அன்றும் இரண்டு ரயில் டிக்கெட்டையும் அப்படியே குத்தாமல் கையில் வைத்திருந்தேன். ரயில் நகர்ந்த பிறகுதான் இயந்திரத்தைத் தேடினேன். பெட்டிக்குள் அது இல்லை. ஸ்டேஷன் மேடையில் குத்திவிட்டு ஏறியிருக்க வேண்டும்.

"என்ன தேடுறாய்?"

"ஒண்டுமில்லை."

பெட்டியின் மறுகோடியிலிருந்து பரிசோதகர் ஒவ்வொரு இருக்கையாக வந்துகொண்டிருந்தார். கழிப்பறைக்குள் ஒளியலாமா என்று நினைத்தேன். அண்ணாவுக்கு இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. அவரைத் தனியே விட்டுப் போக முடியவில்லை.

டிக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தவர், தண்டம் எழுத வேண்டும், இரண்டு பேரும் ஆவணம் காட்டுங்கள் என்றார். அண்ணா ஜெர்மன் பாஸ்போர்ட்டை நீட்டினார். நான் பையைத் துழாவினேன். சின்யோரா வீட்டுக் கதவுத் திறப்புக் கொத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் துழாவினேன். வீட்டில் விட்டுவிட்டேன் என்றேன். அப்படியென்றால் பகேரியாவில் பொலிஸ் வந்து பார்க்கட்டும் என்றார்.

பொலிஸ் என்றது மட்டும் அண்ணாவுக்கு விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, இரண்டு டிக்கெட்டையும் காட்டி, தன் நெஞ்சில் தட்டித் தட்டி ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். ரயில் வேகம் குறைந்துகொண்டிருந்தது. பரிசோதகர் இரண்டு தண்டத்தையும் அண்ணாவின் பெயரிலேயே எழுதி, காசை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே அடுத்த பெட்டிக்குப் போனார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பகேரியா மேடையில் ஒரு வாங்கில் இருந்தோம்.

"உனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைக்கேல்லையோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப ரயில் நடுவழியிலை நிக்குமெண்டது?"

"கொஞ்சம் நிக்கும். அவ்வளவு இல்லை."

"பஸ்ஸிலை சத்தி?"

"வராது அண்ணா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஏன் ஒரு இடமும் போகேல்லை எண்டு அம்மா கேட்பா," என்றார். "கப்பல் ஆடுமெண்டே சொல்லுறன்."